கேள்வியை முழுசா கேளுங்க சாமி!

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்தக் கொடுமை தெரிஞ்சிருக்கும். ராத்திரி பதினோரு மணி, நாற்பது சர்வர். ஒவ்வொன்றிலும் இன்ஸ்டாலர் அதே நாலு கேள்வி கேட்கும், நாமும் அதே நாலு பதிலைத் தட்டணும். அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு அமெரிக்க அரசு ஊழியர் எழுதிய புரோகிராம்!

கொஞ்சம் பின்னாடி போவோம். 1973-ல் யுனிக்ஸில் பைப் வந்தது. ஒரு புரோகிராம் சொல்வதை இன்னொன்றின் காதில் ஓதலாம். ஆனால் எல்லாம் இதற்கு மசியவில்லை. பாஸ்வேர்ட் மாற்றும் கமாண்ட் பைப்பைச் சட்டையே செய்யாமல் டெர்மினலில் இருந்துதான் படிக்கும். எதிரே மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று அதுக்கு நம்பிக்கை. டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. வேறு ரகம். ஸ்கிரிப்டில் ஓட்டினால் எல்லாத்துக்கும் 'சரி', இல்லைன்னா எல்லாத்துக்கும் 'வேண்டாம்'. இதுக்குச் சரி, அதுக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

1990 ஜனவரியில் யூஸ்நிக்ஸ் மாநாட்டில், பெர்க்லி பேராசிரியர் ஜான் ஊஸ்டர்ஹவுட் 'டிக்கிள்' என்ற குட்டி ஸ்கிரிப்ட் மொழியைப் பற்றிப் பேசினார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் வேலை பார்த்த டான் லீபெஸ் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். அதே வருஷம் கோடைக்கால மாநாட்டிலேயே அவருடைய 'எக்ஸ்பெக்ட்' கட்டுரை வந்துவிட்டது. அரசாங்கக் காசில் எழுதியதால், யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம்.

சூட்சுமம் போலி டெர்மினலில் இருக்கிறது. 'ஸ்பான்' புரோகிராமை அதற்குள் கிளப்பும். 'எக்ஸ்பெக்ட்' குறிப்பிட்ட கேள்வி வரும்வரை காத்திருக்கும். 'சென்ட்' பதிலைத் தட்டும். 'இன்டராக்ட்' கீபோர்டை நம்மிடமே திருப்பிக் கொடுக்கும். அந்தப் பக்கம் இருக்கும் புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது!

கூடவே வந்த உதாரணங்களில் என் ஃபேவரைட் 'ரோக்' விளையாட்டுக்கானது. அதில் நம்ம ஆளின் பலம் வழக்கமா 16, அபூர்வமா 18. அந்த 18 வரும்வரை ஆட்டத்தைக் கலைத்துக் கலைத்துத் தொடங்கி, வந்ததும் நம் கையில் கொடுத்துவிடும். போங்காட்டம்தான் :-)

சரி, என் கதைக்கு வர்றேன். சோம்பேறித்தனமா, 'கேள்விக்குறி வந்தால் ஒய் தட்டு' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரு சர்வரில் மட்டும் இன்ஸ்டாலர் புது வெர்ஷன். பழைய டேட்டாவை அழிக்கட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது. நம்ம ஸ்கிரிப்ட் தட்டியது 'ஒய்'. விடிய விடிய பேக்கப்பில் இருந்து மீட்டேன்.

எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு 'சரி' சொல்வதிலிருந்து தப்பிக்க ஒருத்தர் கருவி செய்து கொடுத்தால், அதை வைத்தே கண்ணை மூடிக்கிட்டு 'சரி' சொன்ன புண்ணியவான் நான்!

லீபெஸ் தன் கருவிக்கு 'அனுப்பு' என்று பேர் வைக்கவில்லை, 'எதிர்பார்' என்றுதான் வைத்தார். பதில் சொல்றது சுலபம், கேள்வியைக் கேட்பதுதான் வேலையே. இப்போதெல்லாம் கேள்வியை முழுசா எழுதுகிறேன். தெரியாத கேள்வி வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

டீ கொஞ்சம் ஆறிப்போகும், அவ்வளவுதான்.