நீரிழிவுப் பாதமும் இரத்த உறைவுக் குறிகளும்: புண்ணுக்கு முன்னும் பின்னும்

சர்க்கரை நோயாளியின் காலில் வரப்போகும் புண்ணை ஒரு குழாய் இரத்தத்தைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுந்து வருகிறது. ஃபைப்ரினோஜன், டி-டைமர், வான் வில்லிபிராண்டு காரணி, பி.ஏ.ஐ.-1, தட்டணுக்களின் சராசரிப் பருமன் என உறைவோடு தொடர்புள்ள அளவைகள் பாதப்புண் உள்ளவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. விரலையோ காலையோ இழக்க நேர்ந்தவர்களிடம் ஃபைப்ரினோஜன் இன்னும் உயர்ந்திருந்ததாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. இந்த அளவீடுகளை நான் ஐயுறவில்லை. அவற்றை ஆதாரமாக்கி, புண்ணே இல்லாத நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் இச்சோதனைகளைச் செய்யலாம் என்று எடுக்கப்படும் முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். புண் வந்து, தொற்று பற்றிய பிறகு அதன் போக்கை அளக்க இவற்றில் ஒன்றிரண்டு உதவக்கூடும். புண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை இவற்றுக்குப் பொருந்தாது.

நீரிழிவில் இரத்தம் உறையும் இயல்பு மிகுந்துவிடுகிறது என்பது உறுதியான செய்தி. குழாயின் சுவர், ஓட்டத்தின் வேகம், இரத்தத்தின் சேர்மானம் ஆகிய மூன்றில் எது கெட்டாலும் உறைகட்டி உண்டாகும் என்ற கருத்தை 1856-இல் விர்ஷோ எழுதியவற்றோடு சேர்த்துச் சொல்வது மரபு. நீரிழிவு இந்த மூன்றையுமே கெடுக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களிடம் பி.ஏ.ஐ.-1 பெருகுகிறது; உறைந்ததைக் கரைக்கும் பிளாஸ்மின் உருவாவதை அது தடுக்கிறது. நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை ஃபைப்ரினோஜன் மூலக்கூறில் ஒட்டிக்கொள்கிறது. அத்தகைய ஃபைப்ரினோஜனிலிருந்து உருவாகும் உறைகட்டி நெருக்கமான இழைகளால் ஆனது, எளிதில் கரையாது. தட்டணுக்களும் சிறு தூண்டலுக்கே ஒட்டத் தொடங்குகின்றன. ஆகவே காலுக்குச் செல்லும் தமனி அடைபடுவதில் உறைவுக்குப் பங்கு உண்டு. வாதம் இதுவரை சரியாகவே செல்கிறது. வழுக்கல் இதற்கு அடுத்த படியில்தான்.

பெரும்பாலான பாதப்புண்கள் உறைகட்டியில் தொடங்குவதில்லை. நரம்பு உணர்விழந்த பாதத்தில், செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லிலும், இறுக்கமான செருப்பு வாரிலும், வெயிலில் காய்ந்த தரையிலும் தொடங்குகின்றன. இந்த உண்மையை உலகம் கற்றதில் வேலூருக்கு நேரடியான பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்கு வலி உணராமல் திரும்பத் திரும்பப் படும் காயங்களே பெருங்காரணம் என்று நிறுவினார். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின் அங்கு உருவான காலணி, கட்டு, அழுத்தக் குறைப்பு முறைகள் நீரிழிவுப் பாதத்துக்கும் கைகொடுத்தன. தொழுநோயாளியின் புண்ணுக்குச் சர்க்கரையும் காரணமில்லை, உறைவு மிகுதியும் காரணமில்லை. புண்ணோ இரண்டு நோயிலும் ஏறத்தாழ ஒன்றே. உணர்விழந்த பாதத்தோடு நடக்கும் ஒருவரின் இரத்தத்தில், தோல் கிழிந்து கிருமி புகும்வரை, அவர் பாதத்தின் நிலையைச் சொல்லும் உறைவுக் குறி எதுவும் இருக்கக் காரணமில்லை.

ஃபைப்ரினோஜனை நெருங்கிப் பார்ப்போம். கல்லீரலில் சுரக்கும் இப்புரதம் நலமாக உள்ள ஒருவரிடம் ஒரு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம்வரை இருக்கும். உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால் இன்டர்லூக்கின்-6 என்ற தூது கல்லீரலை எட்டுகிறது. சில நாள்களில் ஃபைப்ரினோஜன் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட உயர்கிறது. அந்த அழற்சி காலிலா, ஈறிலா, சிறுநீர்ப் பாதையிலா, நுரையீரலிலா என்று கல்லீரலுக்குத் தெரியாது. புகைப்பவர்களிடமும், உடல் பருத்தவர்களிடமும், வயதானவர்களிடமும், கருவுற்ற பெண்களிடமும் இது கூடுதலாகவே இருக்கும். சிறுநீரில் புரதம் கழியும் நீரிழிவு நோயாளிகளிடமும் அப்படியே. பாதப்புண் மிகுதியாக வருவதும் அந்தச் சிறுநீரக நோயாளிகளுக்குத்தான். புண் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வில் புண் உள்ள குழு பெரும்பாலும் வயதில் மூத்தது, நோயோடு நெடுங்காலம் வாழ்ந்தது, சிறுநீரகம் பழுதுற்றது, கிருமித் தொற்றும் உடையது. அந்தக் குழுவில் ஃபைப்ரினோஜன் உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. அந்த உயர்வு புண்ணுக்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்பதை ஒரே நாளில் எடுத்த இரத்தம் சொல்லாது.

இதே பாதையில் இதய மருத்துவம் முன்பே நடந்து திரும்பியிருக்கிறது. 2005-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு 31 ஆய்வுகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஃபைப்ரினோஜன் உயர உயர மாரடைப்பு வாய்ப்பும் உயர்வது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பிறப்பிலேயே மரபணு வேறுபாட்டால் ஃபைப்ரினோஜன் கூடுதலாக உள்ளவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை. காரணம் என்று கருதப்பட்டது உடன்நிகழ்வாக நின்றுவிட்டது. அத்தனை பெரிய எண்ணிக்கைக்குப் பிறகும் தேவைப்பட்ட அந்த எச்சரிக்கை, சில நூறு பேரைக் கொண்டு செய்யப்படும் பாத ஆய்வுகளுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

டி-டைமரின் கதை சற்று வேறு. குறுக்கிணைப்புப் பெற்ற ஃபைப்ரின் வலையைப் பிளாஸ்மின் அறுக்கும்போது கழியும் துண்டு அது. உடலில் எங்கோ உறைகட்டி உண்டாகிக் கரைந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். அதன் பெருமை எல்லாம் ‘நோய் இல்லை’ என்று சொல்வதில்தான் உள்ளது. காலின் ஆழ்சிரையில் உறைகட்டி இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கருதும் ஒருவரிடம் டி-டைமர் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால், அந்நோய் இல்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பலாம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி அந்த வரம்பை உயர்த்திக்கொள்கிறார்கள். வயதே அதை உயர்த்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் முறை அது. புற்றுநோய், அறுவைச் சிகிச்சை, கிருமித் தொற்று, படுக்கையில் கிடத்தல் ஆகிய எல்லாமே அதை உயர்த்தும். கொரோனாக் காலத்துக்குப்பின் இச்சோதனையின் பெயர் மக்கள் நாவில் பழகிவிட்டது. கேட்டு வாங்கிச் செய்துகொள்வோரும் உண்டு. சீழ் கோத்த காலோடு படுத்திருக்கும் 65 வயது நோயாளியிடம் டி-டைமர் உயர்ந்திருந்தால் நமக்குப் புதிதாகத் தெரியவருவது மிகச் சொற்பம்.

மற்றக் குறிகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பி.ஏ.ஐ.-1 காலையில் உயர்ந்து மாலையில் தாழும். இரத்தம் எடுத்த நேரத்தைக் குறிக்காத ஆய்வை ஒதுக்கிவிடலாம். தட்டணுக்கள் இ.டி.டி.ஏ. குழாயில் காத்திருக்கும் நேரத்திலேயே உப்பிவிடும். வான் வில்லிபிராண்டு காரணி குழாய்ச் சுவரின் பாதிப்பைக் காட்டினாலும், அதுவும் அழற்சியில் உயரும் புரதமே.

கணக்கைக் கொண்டும் இதைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு சோதனைக்கு, சிக்கல் உள்ளவரைச் சுட்டும் உணர்திறனும் இல்லாதவரை விலக்கும் தனித்திறனும் 80 விழுக்காடு என்று கொள்வோம். உண்மையில் இந்தக் குறிகளுக்கு இது தாராளமான மதிப்பீடு. புறநோயாளியாக வரும் 1000 பேரில் 50 பேருக்குப் பாதச் சிக்கல் இருப்பதாக வைத்துக்கொண்டால், சோதனை 40 பேரைச் சரியாகச் சுட்டும். நலமாக உள்ள 950 பேரில் 190 பேரைத் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட 230 பேரில் ஆறில் ஒருவருக்குத்தான் சிக்கல் உண்டு. மீதிப்பேர் அடுத்தடுத்த சோதனைகளுக்கும் அச்சத்துக்கும் ஆளாவார்கள். தவறவிடப்பட்ட 10 பேர் நிலைமை இதைவிட மோசம்: ‘நார்மல்’ என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பாதத்தைத் திருப்பிப் பார்க்காமலே நடப்பார்கள். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வு கூறுகிறது. அந்த எண்ணிக்கையோடு இந்தக் கணக்கைச் சேர்த்து எண்ணும்போது எனக்குக் கவலையே மிஞ்சுகிறது.

மாறாக, எலும்பு வரை தொற்று பரவியிருக்குமோ என்று ஐயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 100 பேரில் 50 பேருக்கு அது இருப்பதாகக் கொண்டால், அதே சோதனை 40 பேரைச் சரியாகவும் 10 பேரை மட்டுமே தவறாகவும் சுட்டும். சோதனை மாறவில்லை, அது கேட்கப்படும் இடம் மாறியிருக்கிறது. உறைவுக் குறிகளுக்கு இடம் இருக்குமானால் அது இங்கேதான். இங்கே ஏற்கெனவே ஒன்று அந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எலும்புத் தொற்றை ஐயுறும்போது மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் இ.எஸ்.ஆர். எனப்படும் சிவப்பணுப் படிவு வேகம், பெரும்பங்கு ஃபைப்ரினோஜனின் மறைமுக அளவுதான். சிவப்பணுக்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஃபைப்ரினோஜன் மிகும்போது அந்த விலக்கல் தளர்ந்து, காசு அடுக்கியதுபோல் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விரைந்து படிகின்றன. போலந்து மருத்துவர் பியர்நாட்ஸ்கி 1897-லேயே இந்தத் தொடர்பைக் குறித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் 70 மில்லிமீட்டருக்கு மேல் படிந்தால் எலும்புத் தொற்றின் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று இன்று கொள்கிறோம்.

இ.எஸ்.ஆருக்கு ஒரு பெருங்குறை உண்டு. இரத்தசோகை இருந்தாலே அது உயரும். நெடுநாள் புண்ணும் சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம் இரத்தசோகை மிகச் சாதாரணம். ஃபைப்ரினோஜனை நேரே அளந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு விலகும். உறைவுக் குறிகளுக்காக வாதாடுவோர் கையில் எடுக்க வேண்டிய வலுவான வாதம் இதுவே என்பது என் கருத்து. ஒரு தனி எண்ணைவிட, அதே நோயாளியிடம் சிகிச்சையின் முதல் நாளிலும் ஒருவாரம் கழித்தும் எடுத்த இரண்டு எண்களின் வேறுபாடு பயன் தரலாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தும், சீழை வடித்தும் ஃபைப்ரினோஜன் இறங்கவில்லை என்றால், உள்ளே எங்கோ இன்னும் தொற்று தங்கியிருக்கிறதா என்று மீண்டும் தேட அது ஒரு காரணம்.

அதற்கும் ஆய்வகம் ஒழுங்காக இருக்க வேண்டும். உறைவுச் சோதனைக்கான நீலமூடிக் குழாயில் 0.3 மில்லிலிட்டர் சிட்ரேட் முன்பே இருக்கும், கோடுவரை 2.7 மில்லிலிட்டர் இரத்தம் நிறைய வேண்டும். சிரை கிடைக்காமல் திணறும் முதியவரிடம் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால், மிஞ்சிய சிட்ரேட் பிளாஸ்மாவை நீர்க்கச் செய்து ஃபைப்ரினோஜனைக் குறைத்துக் காட்டும். டி-டைமரிலோ இரண்டு வகை அலகுகள் புழங்குகின்றன. ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அலகைக் குறிக்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடும் கட்டுரைகள் இன்னும் வெளிவருவது வருத்தத்துக்குரியது.

உறைவு முக்கியம் என்றால் உறைவுக் குறியும் முக்கியமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். 2020-இல் வெளியான வாயேஜர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கால் தமனி அடைப்பு நீக்கப்பட்ட 6500-க்கும் மேற்பட்டவர்களிடம், ஆஸ்பிரினோடு ரிவராக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மருந்தையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தபோது கால், இதயம், மூளை சார்ந்த பெருங்கேடுகள் குறைந்தன. இரத்தக்கசிவு ஓரளவு கூடியது. அந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது தமனி நோயும் அதற்குச் செய்த சிகிச்சையும். டி-டைமர் எண் அல்ல. உறைவைக் குறிவைக்கும் மருந்து பயன்படுவதற்கு உறைவுக் குறி தேவைப்படவில்லை.

இனி செய்யப்படும் ஆய்வு எதனோடு ஒப்பிடப்பட வேண்டும் என்பதும் தெளிவு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே பாதம் உணர்விழந்துவருகிறது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் தொடும் சோதனை, கணுக்கால் துடிப்பு, தோல் தடிப்பு, முன்பு புண் வந்த வரலாறு ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தப் பரிசோதனை, யாரை ஆண்டுக்கு ஒருமுறையும் யாரை மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறது. புண் இல்லாதவர்களைச் சேர்த்து, முதல் நாளே இரத்தம் எடுத்துவைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, இந்தப் பரிசோதனை ஏற்கெனவே சொன்னதற்கு மேல் ஃபைப்ரினோஜன் எத்தனை பேரைச் சரியான பிரிவுக்கு மாற்றியது, எத்தனை பேரைத் தவறான பிரிவுக்குத் தள்ளியது என்று இரண்டையும் எண்ணிக் காட்ட வேண்டும். புண் வந்தவர்களிடம் அளவு எத்தனை உயர்ந்தது என்ற சராசரி ஒப்பீடு அந்த ஆய்வின் பின்னிணைப்பில் இருந்தால் போதும்.