மான் வேட்டையிற் குண்டின் விட்டமும் குறியின் இடமும்: ஒரு வரலாற்று நோக்கு

1899-ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய நாடுகளின் மாநாடு, மனித உடலுட் புகுந்தவுடன் எளிதில் விரிந்து தட்டையாகும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1963-ஆம் ஆண்டில், இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமென இயற்றப்பெற்ற மான் சட்டமோ, ரைபிள் கொண்டு மானைச் சுடுவோர் மென்முனைக் குண்டையோ குழிமுனைக் குண்டையோ அன்றிப் பிறிதொன்றைக் கையாளலாகாது என விதித்தது. இவ்விரு குண்டுகளும் உடலுள் விரிதற்கென்றே செய்யப்பெறுவன. மனிதன்மேல் ஏவலாகாது என விலக்கப்பெற்ற அதே வகை, மான்மேல் ஏவுதற்குக் கட்டாயமாயிற்று. இரண்டு விதிகளும் ஒரே நோக்கத்திற் பிறந்தவை. வேண்டாத துன்பம் நிகழலாகாது என்பதே அந்நோக்கம். இம்முரண் எங்ஙனம் தோன்றியது, அது முரண்தானா என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஸ்காத்லாந்தின் மலைநாட்டிற் செம்மானைப் பதுங்கிப் பின்தொடர்ந்து வேட்டையாடும் முறையைப் பற்றி விரிவாக எழுதியவருள் முன்னோடி வில்லியம் ஸ்குரோப் என்பவர். அவர் அத்தோல் காட்டிற் பல ஆண்டுகள் வேட்டையாடிப் பெற்ற அறிவை 1838-இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்துத் துப்பாக்கி வாய்வழி மருந்து கெட்டிக்கப்படுவது, குண்டு ஈயத்தாலானது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டித்து முடிப்பதற்குள் மான் மலைமுகட்டைக் கடந்துவிடும். ஆதலின் வேட்டைநாய் வேட்டையின் இன்றியமையாத உறுப்பாயிற்று. புண்பட்ட கலைமானை நாய்கள் துரத்தி, நீரோடையிலோ பாறையிடுக்கிலோ மடக்கி நிறுத்தும். முதற்குண்டு முடிக்காததை நாய் முடித்துவைத்தது எனலாம். லேண்ட்சீர் போன்ற ஓவியர் இக்காட்சியைப் பெருமிதந் தோன்ற வரைந்தனர். மானுக்கு அது எத்துணை நேரத் துன்பம் என்னும் வினா அவ்வோவியங்களில் எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பர்டி என்னும் இலண்டன் துப்பாக்கியாளர், கனங்குறைந்த குண்டுக்கு மிகுதியான மருந்திட்டு வேகத்தைக் கூட்டினார். விரைவு இரயிலின் பெயரால் அத்துப்பாக்கி எக்ஸ்பிரஸ் என வழங்கலாயிற்று. 0.400 முதல் 0.500 அங்குலம் வரை விட்டமுடைய இவ்வகைத் துப்பாக்கிகளுக்கெனக் குழிமுனை ஈயக் குண்டுகள் செய்யப்பெற்றன. மென்மையான ஈயம் உடலுட் புகுந்ததும் தானே விரிந்து அகன்ற புண்ணை உண்டாக்கிற்று. விரிதல் குண்டின் இயல்பாகவே அமைந்திருந்தமையால் அக்காலத்தில் அதனைச் சட்டத்தால் வேண்ட வேண்டிய தேவை நேரவில்லை.

புகையிலா மருந்து இந்நிலையை மாற்றியது. 1886-இல் பிரெஞ்சுப் படை அதனை ஏற்றது. பிரித்தானியப் படை 1888-இல் 0.303 அங்குலத் துப்பாக்கியை மேற்கொண்டு, சில ஆண்டுகளில் அதற்குக் கார்டைட்டு மருந்தை இட்டது. புதிய வேகத்திற் குழலின் சுருட்கோடுகளில் ஈயம் உரிந்துவிடுமாதலின், குண்டுக்கு வன்மையான உலோக உறை போர்த்தனர். முழுதும் உறையிட்ட இக்குண்டு விரியாது; எலும்பிற் படாவிடின் ஊசி நுழைவதுபோல் ஊடுருவி அப்புறம் போய்விடும். வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துச் சென்று இறுதியில் உடும்பின் உடலில் தைத்த திறத்தைப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டிற் கற்றவர் நாம். புலவர்க்கு அஃது ஆற்றலின் உச்சி. மான் வேட்டையில் அறிவுடையாரோ இதனையே பெருங்குறை என்றனர். உடலைக் கடந்து செல்லும் குண்டு தன் விசையின் பெரும்பகுதியையும் உடன் எடுத்துச் செல்கின்றது. சிறு துளையோடு மான் நெடுந்தொலைவு ஓடி, புதருட் கிடந்து மெல்லச் சாகின்றது.

இக்குறையைப் போர்க்களமும் கண்டது. 1895-இல் நிகழ்ந்த சித்திரால் படையெடுப்பில் 0.303 குண்டு பட்டவர் வீழாது முன்னேறினர் என்னும் புகார் எழுந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிற் கண்காணிப்பாளராயிருந்த பெர்டி-கிளே, குண்டின் முனையில் உறையை நீக்கி ஈயம் வெளிப்படுமாறு செய்தார். அவ்வூர்ப் பெயரே பின்னர் உலகெங்கும் விரியும் குண்டின் பெயராயிற்று. அதற்கு எழுந்த எதிர்ப்பில் நோக்கற்பாலதொரு செய்தி உண்டு. தூபிங்கன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் புரூன்ஸ், மென்முனைக் குண்டுகளைப் பிணங்களின்மேற் சுட்டு ஆராய்ந்து, அவற்றின் புண் கொடியது எனக் காட்டினார். அபர்தீன் பேராசிரியர் ஆக்ஸ்டன் அதனை மறுத்தார். புரூன்ஸ் கையாண்டவை டம்டம் குண்டுகளல்ல, ஈயம் மிகுதியும் வெளிப்பட்ட வேட்டைக் குண்டுகளே என்பது அவர் மறுப்பு. இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அதனால் விளைவது யாது? போர்க் குண்டுக்கு எதிராக ஐரோப்பா கேட்ட சான்றுகளுள் ஒன்று வேட்டைக் குண்டினின்றே எடுக்கப்பெற்றது என்பதாம். ஹேக் அறிவிப்பைத் தொடக்கத்தில் ஏற்க மறுத்த பிரித்தானியா 1907-இல் அதனை ஏற்றது.

இனி, முரணை அவிழ்ப்போம். போரின் நோக்கம் பகைவனைச் செயலற்றவனாக்குதல். அவனைக் கொல்லுதல் அதற்கு வேண்டற்பாலதன்று. அடிபட்டவன் மருத்துவமனைக்குச் செல்வான். சிறு துளை ஆறும், பெரும்புண் ஆறாது. ஆகவே அங்குச் சிறு புண்ணே இரக்கம். மானுக்கோ மருத்துவமனை இல்லை. அதனைச் சுடுபவன் கொல்லவே சுடுகின்றான். உயிர் பிழைத்தோடும் மானின் புண் நாள்கணக்கில் நீளும் துன்பம். ஆகவே இங்கு விரைந்து கொல்லும் பெரும் புண்ணே இரக்கம். இரண்டு விதிகளும் ஒரே அளவுகோலை இருவேறு முடிவுகளுக்குப் பொருத்தியவை என்பதே எம் துணிபு. இங்ஙனம் கொள்ளாது, ஒன்று நாகரிகத்தின் வளர்ச்சி, மற்றொன்று அதன் வீழ்ச்சி என்பார் குண்டைக் கண்டனரேயன்றி அது சென்று சேரும் இடத்தைக் கண்டிலர்.

விரிதல் ஒருவாறு தீர்ந்தபின் விட்டம் வினாவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 0.256 அங்குல மன்லிக்கர், 0.275 அங்குல ரிக்பி முதலியன மலைநாட்டிற் பரவின. சிறு விட்டத்தின் பெரும் வழக்கறிஞர் பெல் என்பவர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளை, அவற்றுட் பெரும்பகுதியைச் சிறு விட்டத் துப்பாக்கியால், மூளையைக் குறிவைத்து வீழ்த்தியவர் அவர். பிற்காலத்தில் ஸ்காத்லாந்திற் குடியமர்ந்து, 1935-இல் வெளிவந்த 0.220 ஸ்விஃப்டு என்னும் துப்பாக்கியைச் செம்மானுக்கும் ஏற்றதெனப் போற்றினார். அதன் 48 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 4,100 அடி வேகமுடையது. கணக்கிடின் அதன் ஆற்றல் 1,790 அடி-இராத்தலாகும். பெல்லின் கையில் அது நன்கு பணிசெய்தது. ஆனால் அத்துணை மெல்லிய குண்டு தோளெலும்பிற் பட்டால் மேற்பரப்பிலேயே சிதறி, உள்ளுறுப்பை எட்டாது நின்றுவிடல் கூடும். பெல்லின் கண்ணும் கையும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல. சட்டம் எல்லார்க்குமாக எழுதப்படுவது.

1963-ஆம் ஆண்டுச் சட்டம் 0.240 அங்குலத்திற் குறைந்த விட்டமுடைய ரைபிளையும், 1,700 அடி-இராத்தலிற் குறைந்த ஆற்றலுடையதையும் விலக்கியது. ஆற்றலை மட்டும் கூறியிருப்பின் பெல் போற்றிய ஸ்விஃப்டு உள்ளே நுழைந்திருக்கும். விட்டத்தையும் கூறியமையால் அது வெளியே நின்றது. 1955-இல் வந்த 0.243 வின்செஸ்டர், எல்லைக்கோட்டுக்கு மேலே 0.003 அங்குலம் நின்று, இன்றளவும் பெருவழக்காயுள்ளது. ஸ்காத்லாந்து வேறு வழியிற் சென்றது. அந்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் செம்மான் ஆணையத்தை நிறுவி, வேட்டை விலக்குக் காலங்களை வகுத்தது. பின்னர் 1985-ஆம் ஆண்டு ஆணை, விட்டத்தை விடுத்துக் குண்டின் எடையையும் வேகத்தையும் ஆற்றலையும் அளவாகக் கொண்டது. செம்மான் முதலிய பெரிய மான்களுக்கு 100 கிரெயின் எடை, நொடிக்கு 2,450 அடி வேகம், 1,750 அடி-இராத்தல் ஆற்றல் என்பன குறைந்த அளவுகள். சிறிய ரோ மானுக்கு 50 கிரெயின் எடையும், அதே வேகமும், 1,000 அடி-இராத்தல் ஆற்றலும்.

இவ்வெண்களைச் சற்றே பெருக்கிப் பார்ப்பின் ஒன்று புலனாகும். 100 கிரெயின் குண்டு 2,450 அடி வேகத்திற் சென்றால் அதன் ஆற்றல் 1,333 அடி-இராத்தலே. 1,750-ஐ எட்ட அது 2,800 அடிக்கு மேற்பட்ட வேகம் பெறவேண்டும். மறுபுறம், பழைய மன்லிக்கரின் 160 கிரெயின் நீள்குண்டு எலும்பையும் ஊடுருவும் திறத்தாற் புகழ்பெற்றதாயினும், வேகம் 2,450 அடியை எட்டாமையால் அந்நாட்டு மானுக்கு விலக்காயிற்று. ஒரு தலைமுறையினர் செம்மையாக வேட்டையாடிய கருவி எண்ணாற் கழிக்கப்பட்டது கண்டு முதியோர் சிலர் வருந்தியிருப்பின் அதனைப் பிழையென்று சொல்லோம். 2023-இல் 100 கிரெயின் என்பது 80 ஆகக் குறைக்கப்பெற்றது. ஈயத்தின் நஞ்சை அஞ்சிச் செம்புக் குண்டுக்கு மாறுங்கால், செம்பு எடை குறைந்ததாகலின், அதே விட்டத்திற்கு அதே எடை பொருந்தாமற் போனமையே காரணம்.

எண்கள் இங்ஙனம் மாறியும் சட்டத்தின் அளவுகளுள் அடங்காதது ஒன்றுண்டு. அது குறியின் இடம். மான் பக்கவாட்டில் நிற்கையில், முன்காலை ஒட்டி மேல்நோக்கிச் சென்று, மார்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் அமைவது நெஞ்சும் நுரையீரலும் உள்ள இடம். அங்குப் பட்ட மான் சிறிது தொலைவு ஓடினும் ஓடும். ஆனால் குருதி வடிந்து மூளை விரைவில் உணர்விழக்கும். தலையிற் சுடுவது நொடியிற் கொல்லும் என்பர், உண்மையே. ஆயின் மூளை சிறிது, தலை ஓயாது அசைவது. குறி சற்றே தாழ்ந்தால் தாடை முறிந்த மான் மேய இயலாது பட்டினியால் மடியும். நெஞ்சிற்குப் பின்னே வயிற்றிற் பட்டதோ பல மணி நேரம் துன்புறும். மான் சாய்ந்து நின்றால், குண்டு வெளியேற வேண்டிய அப்புறத்து முன்காலை மனத்திற்கொண்டு குறி வைத்தல் வேண்டும் என்பது வேட்டை பயிற்றுவோர் கூறும் நெறி.

விட்டமும் இடமும் தனித்தனி என எண்ணுவார் மற்றொன்றை மறக்கின்றனர். விட்டமும் மருந்தும் மிகுந்தால் தோளில் உதைப்பும் மிகும், உதைப்பை அஞ்சியவன் விசையை இழுக்கும் நொடியிற் கண்ணிமைத்து உடல் சுருங்குவான், குறி பிழைக்கும். பெரிய குண்டு பிழையைப் பொறுக்கும் என்று வாங்கியவன் அப்பிழையையே பெருக்கிக்கொள்வதும் உண்டு. ஆதலாற் சட்டம் கீழெல்லையை மட்டும் வகுத்து மேலே தேர்வை விட்டது பொருத்தமே.

சுட்டபின் வேட்டைக்காரன் உடனே ஓடிச் சென்று தேடுவதில்லை. மான் நின்ற இடத்தை நினைவிற் கொண்டு சற்றுப் பொறுத்து, அங்கு உதிர்ந்த மயிரையும் குருதியையும் காண்கின்றான். நுரைத்த இளஞ்சிவப்புக் குருதியாயின் நுரையீரல். பச்சை கலந்ததாயின் வயிறு. வயிறெனின் இன்னும் நெடுநேரம் காத்திருந்து, மோப்பம் பயின்ற நாயைக் கொணர்ந்து தொடர்கின்றான். ஸ்குரோப் காலத்து நாய் மானைத் துரத்தி மடக்கியது. இன்றைய நாய் கயிற்றிற் பிணிக்கப்பெற்று, மண்ணை மோந்து, மெல்ல முன்செல்கின்றது.