எழுதப்படாத மூன்று சொற்கள்

பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் அவென்யூவில் இருந்த ஆஷர்ஸ் ரொட்டிக்கடையின் பெயர் பைபிளிலிருந்து எடுக்கப்பட்டது. யாக்கோபின் பன்னிரண்டு மைந்தர்களில் ஒருவன் ஆசேர். தந்தை இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து வாழ்த்துகையில், ஆசேருக்குக் கிடைத்தது உணவைப் பற்றிய வாழ்த்து. 1992இல் அக்கடையைத் தொடங்கிய குடும்பத்தினர் இவாஞ்சலிக்கல் கிறித்தவர்கள். வணிகமும் வழிபாடும் தங்களுக்கு இரண்டல்ல என்று நம்பியவர்கள்.

2014 மே மாதம் அக்கடைக்கு ஒருவர் வந்து ஒரு கேக்குக்குச் சொல்லிவிட்டு 36 பவுண்டு 50 பென்ஸைக் கட்டிச் சென்றார். தன்பால் ஈர்ப்பாளரான அவர், அவர்களுக்கென இயங்கிய தன்னார்வ அமைப்பொன்றின் உறுப்பினர். செசமி ஸ்ட்ரீட் தொலைக்காட்சித் தொடரின் பெர்ட், எர்னி என்ற இரு பொம்மைகளின் படமும், அமைப்பின் சின்னமும், தன்பால் திருமணத்தை ஆதரிக்கச் சொல்லும் மூன்று ஆங்கிலச் சொற்களும் கேக்கின்மேல் இருக்கவேண்டும் என்பது அவர் கேட்டது. கடையிலிருந்த அம்மையார் வாக்குவாதத்தைத் தவிர்க்க எண்ணி அப்போது எதுவும் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். வாரயிறுதியில் குடும்பம் கூடிப் பேசியது. திங்களன்று தொலைபேசியில் அழைத்து, நாங்கள் கிறித்தவர்கள், இதைச் செய்ய இயலாது என்று சொல்லி, மன்னிப்புக் கோரி, பணத்தைத் திருப்பித் தந்தனர். அவருக்குக் கேக் வேறொரு கடையில் கிடைத்தது.

நடந்தது இவ்வளவுதான். இது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று முடிய ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆயின. ஒரு கேக்குக்கா இத்தனை என்று நகைத்தவர்கள் ஏராளம். வட அயர்லாந்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அந்த நகைப்பு அடங்கிவிடும்.

வணிகத்தை மறுப்பதற்கு உலக மொழிகளுக்கெல்லாம் ஒரு சொல்லைத் தந்ததே அயர்லாந்துதான். 1880இல் மேயோ மாவட்டத்தில் நிலக்கிழாரின் முகவராக இருந்த சார்லஸ் பாய்காட் என்பவருக்கு ஊர்க் கடைக்காரர்கள் பொருள் விற்க மறுத்தனர். ஆட்கள் வேலைக்கு வரவில்லை. அறுவடைக்கு வடக்கேயிருந்து புராட்டஸ்டண்டுகளைப் படைக்காவலுடன் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த மண்ணில் யார் யாருக்கு விற்பார், யார் யாரிடம் வேலை செய்வார் என்பது என்றுமே வெறும் வாணிபச் செய்தியாக இருந்ததில்லை. வடக்கே, கத்தோலிக்கருக்கு வேலை மறுக்கப்படுவது ஒரு வழக்கமாகவே வேரூன்றியிருந்தது. அதைக் களைவதற்காக 1976இல் ஒரு வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. 1998இல் வந்த ஆணை அதைப் பொருள்கள், சேவைகள் வரை விரித்தது. மதநம்பிக்கையோடு அரசியல் கருத்தின் பேரிலும் ஒருவருக்குச் சேவையை மறுத்தல் சட்டத்துக்குப் புறம்பானதாயிற்று. ஐக்கிய ராஜ்யத்தின் பிற பகுதிகளில் இந்தக் கடைசிப் பாதுகாப்பு கிடையாது. குருதி சிந்திய மண்ணுக்கென்று தனியாக எழுதப்பட்ட சட்டம் அது.

தன்பால் ஈர்ப்பின் வரலாறு அங்கே வேறொரு கிளையாக ஓடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இலேயே வயதுவந்த ஆண்களுக்கிடையிலான தனிப்பட்ட உறவு குற்றமல்ல என்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் 1980இல். வட அயர்லாந்திலோ 1861, 1885 ஆண்டுகளின் சட்டங்கள் அப்படியே நின்றன. அந்த 1885 சட்டத்தின் கீழ்தான் ஆஸ்கர் வைல்ட் சிறைக்கு அனுப்பப்பட்டார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவதூறு வழக்கில் வைல்டைக் குறுக்கு விசாரணை செய்து வீழ்த்தியவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவருடன் பயின்ற எட்வர்ட் கார்சன். பிற்காலத்தில் அல்ஸ்டர் யூனியனிஸ்டுகளின் தலைவரானவர். அவருடைய வெண்கலச் சிலை இன்றும் வட அயர்லாந்துச் சட்டமன்றத்துக்கு முன்னே கையுயர்த்தி நிற்கிறது. வரலாறு சில சமயம் நாவலாசிரியர்களைவிடத் துணிச்சலாகக் கதை பின்னுகிறது.

1976 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் காவல்துறை ஜெஃப்ரி டட்ஜன் என்பவரின் வீட்டைச் சோதனையிட்டு, அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்துச் சென்று, அவரை மணிக்கணக்கில் விசாரித்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். பாதிரியாரும் அரசியல் தலைவருமான இயன் பெய்ஸ்லி, சோதோமிலிருந்து அல்ஸ்டரைக் காப்போம் என்று இயக்கம் நடத்திக் கையெழுத்துகளைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1981 அக்டோபரில் 15க்கு 4 என்ற கணக்கில் டட்ஜன் வென்றார். அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. 2009இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை டில்லி உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியபோது மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் டட்ஜன் வழக்கும் ஒன்று. பெல்ஃபாஸ்டில் ஒருவரின் நாட்குறிப்புகள் பறிபோனதற்கும் நமக்கும் அந்த அளவுக்கு உறவுண்டு.

ஆகவே 2014இல் அந்தக் கேக்கின்மேல் எழுதச் சொன்னது வாழ்த்துரை அல்ல. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் வட அயர்லாந்துச் சட்டமன்றம் தன்பால் திருமணத்துக்கான தீர்மானத்தை மூன்றாம் முறையாகத் தோற்கடித்திருந்தது. ஊரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த கேள்வியில் ஒரு பக்கத்தைச் சேர்ந்த முழக்கம் அது. கடைக்காரர்கள் மறுபக்கம். (அதே மாதம் நடந்த தேர்தலில் டட்ஜன் பெல்ஃபாஸ்ட் மாநகரமன்ற உறுப்பினரானார், அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் சார்பில். மனிதர்களை முகாம்களாகப் பிரிப்பது நாம் நினைப்பதுபோல் அத்தனை எளிதல்ல.)

வாடிக்கையாளருக்கு வட அயர்லாந்தின் சமத்துவ ஆணையம் துணை நின்றது. கடைக்காரர்களுக்கு ஒரு கிறித்தவ அமைப்பு துணை நின்றது. 2015 மேயில் மாவட்ட நீதிமன்றம் கடை பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்து 500 பவுண்டு இழப்பீடு விதித்தது. 2016 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த முழக்கத்தால் பயன்பெறக்கூடியவர்கள் தன்பால், இருபால் ஈர்ப்பாளர்கள் மட்டுமே, எனவே முழக்கத்தை மறுப்பது அவர்களை மறுப்பதே என்பது மேல்முறையீட்டு நீதிபதிகளின் தர்க்கம்.

2018 மே மாதம் ஐக்கிய ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் முதன்முறையாகப் பெல்ஃபாஸ்டுக்கு வந்து அமர்ந்து இவ்வழக்கைக் கேட்டது. அக்டோபர் 10ஆம் நாள், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கடையின் பக்கம் தீர்ப்பளித்தனர். எழுதியவர் நீதிமன்றத் தலைவர் பிரெண்டா ஹேல். கடைக்காரர்களின் மறுப்பு செய்தியைப் பற்றியதே தவிர, அதைக் கொண்டுவந்தவரைப் பற்றியது அல்ல என்றார் அவர். இதே முழக்கத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் அவர்கள் மறுத்திருப்பார்கள், இதே மனிதர் வேறு கேக் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். தன்பால் திருமணத்தை ஆதரிப்பவர்கள் எல்லோரும் தன்பால் ஈர்ப்பாளர்கள் அல்லர். அவர்களுடைய பெற்றோர், நண்பர், உடன்பணியாற்றுவோர் ஆதரிக்கலாம். தான் நம்பாத அரசியல் கருத்தைச் சொல்லும்படி எவரையும் சட்டம் கட்டாயப்படுத்தலாகாது.

இத்தீர்ப்பை மதவாதிகளின் வெற்றி என்று கடந்து சென்றவர்கள், இதே ஹேல் ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிய தீர்ப்பைப் படிக்கவில்லை. கார்ன்வால் கடற்கரையில், மரேசியன் என்ற ஊரில், ஒரு கிறித்தவத் தம்பதி தங்கள் வீட்டிலேயே விடுதி நடத்தினர். மணமானவர்களுக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்களின் விதி. 2008 செப்டம்பரில் அங்கே வந்த இரு ஆண்கள் சட்டப்படி குடிமைக் கூட்டுறவு பதிவுசெய்தவர்கள். அவர்களுக்கு அறை மறுக்கப்பட்டது. ஆணாயினும் பெண்ணாயினும் மணமாகாதவர் எவருக்கும் இதே விதிதான் என்று விடுதிக்காரர்கள் வாதிட்டார்கள். உண்மையாகவே அப்படித்தான் நடந்துகொண்டவர்கள் அவர்கள். ஆனால் அந்த இருவரும் அன்றைய சட்டத்தில் எவ்வளவு விரும்பினாலும் திருமணம் செய்துகொள்ள முடியாதவர்கள் அல்லவா? 2013 நவம்பரில் ஒருமனதான தீர்ப்பில் விடுதிக்காரர்கள் தோற்றார்கள். முதன்மைத் தீர்ப்பு ஹேலுடையது. அங்கே கதவடைக்கப்பட்டது மனிதர்களுக்கு. பெல்ஃபாஸ்டில் மறுக்கப்பட்டது ஒரு வாசகம். இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே மனம் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருப்பது தெரிகிறது.

அமெரிக்காவில் இந்த அளவுகோல் இத்தனை நேராக இல்லை. அங்கே இவ்வழக்குகளின் மேல் எப்போதும் நிறவெறியின் நிழல் விழுகிறது. தென் கரோலைனாவில் மாரிஸ் பெஸிங்கர் என்பவர் பிக்கி பார்க் என்ற இறைச்சி உணவகங்களை நடத்தினார். 1964இன் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னும், கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக உட்கார வைப்பது தன் மதநம்பிக்கைக்கு எதிரானது என்று நீதிமன்றத்தில் வாதிட்டார். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போயிற்று. கேக் வழக்குகளில் வாடிக்கையாளர் தரப்பினர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியது இந்த அடிக்குறிப்பைத்தான். ஆனால் 1964இன் அச்சட்டம் உணவகங்கள், விடுதிகள் தொடர்பாக நிறம், மதம், பூர்வீகம் ஆகியவற்றையே சொல்கிறது. பால் ஈர்ப்பைச் சொல்லவில்லை. எனவே எல்லாம் மாநிலச் சட்டங்களின் கையில்.

2012 ஜூலையில் கொலராடோ மாநிலத்தின் லேக்வுட் நகரில் ஜாக் பிலிப்ஸ் என்ற கேக் கலைஞர், இரு ஆண்களின் திருமண விருந்துக்குக் கேக் செய்ய மறுத்தார். வாசகம், வடிவம் எதுவும் பேசப்படும் முன்பே மறுத்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஹேலின் அளவுகோலால் அளந்தால் இது மரேசியன் விடுதிக்கு அருகில் வரும். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று பிலிப்ஸுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் காரணம் வேறு. மாநில ஆணையத்தின் உறுப்பினர்கள் விசாரணையில் அவருடைய மதத்தை இழித்துப் பேசியிருந்தார்கள், நடுநிலை பிறழ்ந்தது என்றார் நீதிபதி ஆண்டனி கென்னடி. மையக் கேள்வி தொடப்படாமலே கிடந்தது. 2023இல் ஓர் இணையதள வடிவமைப்பாளரின் வழக்கில் 6க்கு 3 என்று பேச்சுரிமையின் பக்கம் நீதிமன்றம் சாய்ந்தது. அவர் அதுவரை ஒரு திருமணத்துக்கும் இணையதளம் செய்ததில்லை. நேரக்கூடும் என்ற அச்சத்தின்மேல் எழுந்த வழக்கு அது. கண்ணெதிரே மறுக்கப்பட்டு நின்ற ஒரு மனிதர் இல்லாத வழக்கில் இத்தனை பெரிய தீர்ப்பை எழுதியது நமக்கு உவப்பானதாக இல்லை.

நம்மை அதிகம் கலங்கச் செய்தது வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லண்ட் நகரப் பூக்கடைதான். அந்த மூதாட்டி ஒரு தன்பால் ஈர்ப்பாளருக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பூங்கொத்துகள் செய்து தந்தவர். அவை யாருக்கென்று அறிந்தே செய்தவர். 2013இல் அவர் தன் திருமணத்துக்குப் பூ அலங்காரம் கேட்டபோது, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு, இயேசுவோடு தனக்குள்ள உறவின் பொருட்டு இதைச் செய்ய இயலாது என்று சொன்னார். இதில் வெறுப்பு எங்கே என்று தேடினால் நமக்குத் தென்படவில்லை. ஆனால் ஒன்பதாண்டு நட்பின் முடிவில் கையைப் பற்றிக்கொண்டு மறுக்கப்படுவது, முகத்திலறைந்து மறுக்கப்படுவதைவிடக் குறைவாகத்தான் வலிக்கும் என்று யார் சொல்ல முடியும்? மாநில நீதிமன்றங்களில் தோற்று, 2021இல் 5000 டாலர் கொடுத்து அவர் வழக்கை முடித்துக்கொண்டார்.

பெல்ஃபாஸ்ட் தீர்ப்பு சரியானதே என்பது நம் எண்ணம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற தன்பால் ஈர்ப்பாளர் உரிமைப் போராளி பீட்டர் டாட்செல் முதலில் வாடிக்கையாளரை ஆதரித்து, 2016இல் மனம் மாறியதாக வெளிப்படையாக எழுதினார். அவருடைய கவலை நமக்கும் உண்டு. இன்று ஒரு கிறித்தவ அச்சகத்தாரைத் தன்பால் திருமண முழக்கத்தை அச்சிடக் கட்டாயப்படுத்தும் சட்டம், நாளை ஒரு தன்பால் ஈர்ப்பாளரின் அச்சகத்தைத் தன்னையே இழிவுபடுத்தும் துண்டறிக்கையை அச்சிடக் கட்டாயப்படுத்தும். ஆயினும் தீர்ப்புக்குப் பின் நீதிமன்ற வாயிலில் அந்த வாடிக்கையாளர் தன்னை இரண்டாந்தரக் குடிமகனாக உணர்வதாகச் சொன்னதைத் தர்க்கத்தால் துடைத்துவிட முடியவில்லை. அவர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றார். உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐரோப்பிய ஒப்பந்த உரிமைகளை நேரடியாக முன்வைக்கவில்லை என்று கூறி, 2022 ஜனவரி 6 அன்று மனு ஏற்கப்படாமல் போயிற்று. அதற்குள் 2020 பிப்ரவரியில் காரிக்ஃபெர்கஸ் நகரில் இரு பெண்கள் வட அயர்லாந்தின் முதல் தன்பால் திருமணத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். கேக்கின்மேல் எழுதப்படாத மூன்று சொற்களுக்கு அங்கே தேவை தீர்ந்துவிட்டிருந்தது.

இவ்வழக்குகள் பேசப்படும் இடங்களிலெல்லாம், வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்ற கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். ஆஷர்ஸ் தீர்ப்பை ஏற்கும் நாமும் இந்தக் கேள்வியை மட்டும் ஏற்பதற்கில்லை. 1943இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸில் ஆடுவதற்காக மனைவியுடனும் மகளுடனும் லண்டன் வந்தார். நான்கு இரவுகளுக்குப் பதிவுசெய்திருந்த இம்பீரியல் விடுதியில், அமெரிக்க விருந்தினர்களுக்கு அவர் நிறம் பிடிக்காது என்பதால் ஓர் இரவுக்கு மேல் தங்கவிடவில்லை. அதே நிறுவனத்தின் பெட்ஃபோர்ட் விடுதிக்குச் சென்றார். அங்கே நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். அவருக்குப் பணநட்டம் எதுவுமில்லை. என்றாலும் வழக்குத் தொடுத்தார். தகுந்த காரணமின்றி விருந்தினரை மறுக்கும் உரிமை விடுதிக்காரருக்கு இல்லை என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம். 1944இல் நீதிபதி நார்மன் பிர்கெட் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து வழங்கிய தொகை ஐந்து கினி.