தரவுக் கட்டமைப்புகளைப் படமாகக் காட்டும் வழுநீக்கி

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, அதன் நினைவகத்தில் உள்ள பட்டியல், மரம் போன்ற தரவுக் கட்டமைப்புகளைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைந்து காட்டும் வழுநீக்கும் கருவி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்ற வழுநீக்கி, மாறிகளின் மதிப்பை எழுத்தாகவே காட்டியது. நினைவக முகவரிகளைத் தாங்கும் சுட்டிகள் வெறும் பதினாறடிமான எண்களாகத் தெரிந்தன. டோரோதியா லுட்கேஹவுஸும் ஆண்ட்ரியாஸ் ட்செல்லரும் 1990களில் உருவாக்கிய டிடிடி என்ற கருவி, ஜிடிபியின் மேல் அமர்ந்து அவற்றைப் படமாக்கியது.

மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை என்று பேருந்து நிறுத்தங்களைக் கோத்த ஒரு தொடுப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். தலைச் சுட்டியை இருமுறை சொடுக்கினால் மூணாற்றுப் பெட்டி விரியும். அதன் அடுத்த சுட்டியைச் சொடுக்கினால் மறையூர். உடுமலையின் சுட்டி வெறுமையாக இல்லாமல் தவறுதலாக மறையூருக்கே திரும்பினால், நிரல் முடிவின்றிச் சுழலும். டிடிடி முகவரிகளை ஒப்பிட்டு, ஒரே முகவரியில் உள்ளவற்றை ஒரே பெட்டியாக்குவதால், அம்பு பின்னோக்கி வளைவது உடனே கண்ணில் படும். இக்கருவியின் தலையாய பயன் இதுவே. ஆயிரக்கணக்கான கணுக்கள் உள்ள மரத்துக்கோ படம் உதவாது. அங்கே ஜிடிபி 7.0 (2009) முதல் பைத்தானில் எழுத முடிகிற, தரவைப் படிக்க எளிதான எழுத்து வடிவில் காட்டும் அழகுக்காட்டிகளே ஏற்றவை.

இக்கருவிகளைப் பெறுவதும் எளிது. கேரளப் பள்ளிகளுக்கு அம்மாநில அரசின் கைட் நிறுவனம் வழங்கும் குனு/லினக்ஸ் இயங்குதளம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் களஞ்சியத்தில் ஜிடிபி, டிடிடி இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பதால், சித்தூர், தேவிகுளம் பகுதிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இவை எட்டும் தொலைவிலேயே உள்ளன.