ஒலிக்கருவிகளில் பழுதான உறுப்பைக் கண்டறிதல் (தூத்துக்குடிக் கடற்கரை)

ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் போன்ற வீட்டு ஒலிக்கருவிகள் கெட்டுப்போனால், கண்டன்சர், டிரான்சிஸ்டர், ஐசி, ரெசிஸ்டர் ஆகியவற்றுள் எது காரணம் என்று அளந்து தீர்மானிப்பதே பழுது கண்டறிதல். முறை எல்லா ஊருக்கும் பொது. ஆனால் கிழக்கே மன்னார் வளைகுடாவும் ஊரை ஒட்டி உப்பளங்களும் கொண்ட தூத்துக்குடியில், எந்த உறுப்பையும் சந்தேகிப்பதற்கு முன்னால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

உப்புப் படலம்

கொண்டல் காற்றில் வரும் நுண்ணிய உப்பு, பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே நுழைந்து போர்டில் படிகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து உப்புநீர்ப் படலமாகிறது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. அதனால்தான் விடியற்காலையில் கரகரக்கும் செட்டு வெயில் ஏறியதும் ஒழுங்காகப் பாடும். கடைக்கு வந்து சேரும்போது குறை எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட செட்டில் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு.

ஹேர் டிரையரால் போர்டு முழுவதையும் இளஞ்சூடாக்கும்போது கரகரப்பு அடங்கினால், பெரும்பாலும் ஈரம்தான் காரணம். சூடாக்கியதும் கோளாறு கூடினால், உறுப்பொன்று சூட்டில் தடுமாறுகிறது அல்லது பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று பொருள். அப்போது சால்டரிங் அயர்னின் நுனியை ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் சிறிது நேரம் காட்டினால் ஆள் அகப்படும்.

போர்டைத் துடைக்கப் பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் நம்புகிறார்கள். பிசுக்கும் ஃபிளக்ஸும் அதில் போகும். உப்பு அதில் கரைவது மிகக் குறைவு. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, பிறகு ஆல்கஹால் விட்டு ஈரத்தை வெளியேற்றி, நன்றாகக் காயவைத்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர், வால்யூம் கண்ட்ரோல் ஆகியவற்றில் தண்ணீர் படக்கூடாது.

அளந்து பார்த்தல்

டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிஃபையரை முதன்முதலாக உயிர்ப்பிக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்றே எரிந்தால் உண்டு. டிரான்ஸ்பார்மரின் செகண்டரி ஒயர்களைக் கழற்றிய பிறகும் அப்படியே எரிந்தால், குற்றம் டிரான்ஸ்பார்மரிலேயே.

ஓயாத ‘ம்ம்’ ஓசைக்குப் பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சர் பொறுப்பு. தலை வீங்கியிருந்தால் அளக்க வேண்டியதில்லை. வீங்காததும் உள்ளே உலர்ந்திருக்கலாம். மீட்டரில் மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டினாலும் உள்தடை கூடியிருக்கலாம். நல்ல கண்டன்சர் ஒன்றை இணையாக வைத்து ஓசை குறைகிறதா என்று பார்ப்பது எளிய வழி. அதற்கு முன் செட்டை அணைத்து, மிச்சமுள்ள மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே இறக்கிவிட வேண்டும்.

இந்தியாவெங்கும் சிறு ஆம்ப்ளிஃபையர்களில் பெயர் பெற்றது சான்யோவின் எல்ஏ4440 ஐசி. கடைக்காரர்களுக்கு அது வெறும் ‘4440’. 14 கால்கள் கொண்ட இதில் 11ஆம் காலுக்கு 12 வோல்ட் வந்தால், 10, 12ஆம் கால்களில் ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 6 வோல்ட் நிற்க வேண்டும். அங்கே சைபரோ முழு 12 வோல்ட்டோ காட்டினால், சுற்றியுள்ள கண்டன்சர்களைச் சரிபார்த்துவிட்டு ஐசியை மாற்றலாம்.

2என்3055 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, மீட்டரின் டயோடு நிலையில் பேஸிலிருந்து மற்ற இரண்டையும் அளந்தால் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், ஜெர்மேனியத்துக்கு 0.2, 0.3 போதும். போர்டில் வைத்தே அளந்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் பொய் சொல்ல வைக்கும். 2என்3055-இன் உலோக உடலே கலெக்டர். அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள மைக்கா தகட்டின் ஓரத்தில் உப்பு படிந்து கசிந்தால், நல்ல டிரான்சிஸ்டர்கூடக் கெட்டதுபோல் தோன்றும்.

1960களின் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் வந்த ஏஎஃப்117 வகையின் கதை வேறு. அதன் தகரக் கூட்டுக்குள் மயிரிழை போன்ற வெள்ளீய ஊசிகள் தாமாக வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆக்குகின்றன. இதில் கடலுக்குப் பங்கில்லை. அதன் நான்கு கால்களில், கூட்டை எர்த்தோடு இணைக்கும் ஒன்றை வெட்டிவிட்டால் பல வேளை மீண்டும் பாடும்.

களிம்பும் வானொலியும்

இலங்கைத் தமிழ் நேயர்களுக்காக 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனுடன் அகில இந்திய வானொலி தூத்துக்குடியிலிருந்து ஒலிபரப்பியது. இத்தகைய மத்திய அலை நிலையத்தின் அருகே, ட்யூனரே இல்லாத ஆம்ப்ளிஃபையரிலும் நிகழ்ச்சி மெல்லக் கேட்கக்கூடும். செம்பில் பச்சைக் களிம்பு பிடித்த இணைப்பு டயோடுபோல் நடந்து அலையைப் பிரித்தெடுப்பது இதற்கு ஒரு காரணம். வால்யூமைக் குறைத்ததும் குரல் மறைந்தால் கோளாறு கண்ட்ரோலுக்கு முன்னே, மறையாவிட்டால் பின்னே. முன்னே என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்புட் சாக்கெட்டின் எர்த் இணைப்பை; களிம்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.