சென்னை வேட்டைநாய்களும் 'கிப்சோனி' என்ற பெயரும்

காய்ச்சலும் வெளிறிய ஈறுகளுமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் செல்லநாய்களின் குருதிப் பரிசோதனை அறிக்கைகளில் 'பபீசியா கிப்சோனி' என்ற பெயர் இந்திய நகரங்களில் இன்று அரிதன்று. உண்ணிக் கடியின் வழியே உடலில் புகும் இந்த ஒற்றைச்செல் உயிரி சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றைச் சிதைக்கிறது. இரத்தசோகை முற்றும், மண்ணீரல் வீங்கும், தட்டணுக்கள் குறையும். ஆசியாவுக்கு வெளியே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட அறியப்பட்டுள்ள இவ்வுயிரி முதன்முதலாக விவரிக்கப்பட்டது சென்னையில்.

1910ஆம் ஆண்டு டபிள்யூ. எஸ். பேட்டன் பிரெஞ்சு ஆய்விதழ் ஒன்றில் அந்த விவரணையை வெளியிட்டார். 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற ஆங்கிலேயர் வேட்டைக்குழுவின் நாய்களிலும், நரிகளிலும் இவ்வுயிரியை அவர் கண்டிருந்தார். இங்கிலாந்தில் ஃபாக்ஸைத் துரத்திப் பழகியவர்கள் இங்கே அதற்கு ஈடாக ஜாக்காலைத் துரத்தினர். (தமிழில் 'நரி' என்ற சொல் முதன்மையாகக் குறிப்பது இந்த ஜாக்காலையே.) வேட்டையாடியதும் வேட்டையாடப்பட்டதும் ஒரே கிருமியைச் சுமந்தன.

பேட்டன் கால்நடை மருத்துவர் அல்லர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர், கிண்டி கிங் நிலையத்தில் காலா-அசார் காய்ச்சலை ஆராய்ந்தவர். அந்நோயை மூட்டைப்பூச்சி பரப்புகிறது என்ற அவரது கருத்து பின்னர் பிழையெனத் தெரிந்தது. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகு, குருதியில் வாழும் உயிரிகளைத் தேடுவது இராணுவ மருத்துவர்களின் பெரும் ஈடுபாடாயிற்று. 1905இல் எஸ். பி. ஜேம்ஸ் அஸ்ஸாம் நாய்களின் வெள்ளணுக்களில் மற்றோர் உயிரியை விவரித்தார். இன்று அது ஹெபடோசூன் கேனிஸ். மனித நோய்களைத் துலக்கும் தேடலில் நாய் நல்லதொரு மாதிரியாக அமைந்தது. அதாவது, இந்திய மருத்துவ வரலாற்றில் நாய் நோயாளியாவதற்கு முன்பே ஆய்வுப்பொருளாகிவிட்டது.

நாயை நோயாளியாக ஏற்றிருக்க வேண்டிய கல்லூரிகளுக்கு வேறு கவலைகள் இருந்தன. லாகூர் (1882), பம்பாய் (1886), சென்னை (1903) கல்லூரிகள் எழுந்த காலத்தில் அரசின் அக்கறை குதிரைப்படையும் உழவு மாடும். மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் பேரச்சமாக இருந்தது. சொற்களே இந்த முன்னுரிமையைக் காட்டுகின்றன. 'வெட்டரினரி' என்பதன் லத்தீன் மூலம் பொதி சுமக்கும் விலங்குகளைச் சுட்டுவது. தமிழின் 'கால்நடை'யோ ஆடுமாடுகளைக் குறிப்பது. நாயும் நாலுகாலில்தான் நடக்கிறது என்றாலும் அச்சொல்லுக்குள் அதற்கு இடமில்லை. இருந்தும் இன்றுவரை நாயை அழைத்துச் செல்லுமிடம் கால்நடை மருத்துவமனையே.

சிகிச்சையின் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1909இல் கேம்பிரிட்ஜில் நட்டாலும் ஹாட்வெனும், டிரைபன் நீலம் என்ற சாயம் நாய்களின் பபீசியா நோயைக் குணப்படுத்துவதைக் காட்டினர். ஆனால் அதற்கு வசப்பட்டது உருவில் பெரிய இனம் மட்டுமே. சிறிய கிப்சோனி வசப்படவில்லை. பின்வந்த ஊசிமருந்துகளும் நோயைத் தணித்தனவேயன்றிக் கிருமியை முற்றாக நீக்குவதில் பெரும்பாலும் தோற்றன. 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பயன் கண்ட கூட்டுமருந்தில் ஒன்றான அட்டோவகோன் மனிதரின் மலேரியாவுக்கு வழங்கப்படுவது. மலேரியா ஆய்வின் நிழலில் பெயர்பெற்ற கிருமிக்கு மருந்தும் அங்கிருந்தே வந்தது. அதன் விலையோ எல்லோருக்கும் எட்டுவதன்று.

தேறிய நாயின் குருதியிலும் கிருமி மறைந்திருக்கக்கூடும். ஆகவே, குருதிக்கொடைக்கு ஒரு நாயைத் தேர்ந்தெடுக்குமுன், அது எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், கிப்சோனிக்கான சோதனை செய்யப்படுகிறது.