நூறு மைல்: இராவுத்தர் என்னும் பெயரும் குதிரையின் உரிமையும்

இராவுத்தர் என்னும் பெயரை நம்மில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகிறோம். குதிரைவீரன் என்பதே அச்சொல்லின் பொருள். மயிலேறும் முருகனையே இராவுத்தன் என்று அருணகிரிநாதர் விளித்திருப்பதால், இச்சொல் தமிழ்ச் செவிக்கு எவ்வளவு பழகியிருந்தது என்பது விளங்கும். பெயர் நிலைத்தது, குதிரை போய்விட்டது. இன்று ஸ்ரீமுஷ்ணத்தில் போர்க்குதிரையைக் காண வேண்டுமெனில், பூவராகப் பெருமாள் கோயிலின் நாயக்கர் காலத் தூண்களில்தான் காண வேண்டும். அவை முன்கால் தூக்கிப் பாயும் ஒரு கணத்தைக் காட்டுபவை. பகலெல்லாம் நடந்து, மறுநாளும் நடந்து, களைப்போடு ஊர் சேரும் குதிரையைக் கல்லில் வடிப்பது அரிது. ஆயினும் வரலாற்றில் குதிரை ஆற்றிய பெரும்பணி அந்த நெடும்பயணமே.

குதிரை இம்மண்ணுக்குக் கடல்வழி வந்த செல்வம். பாண்டியர் ஆட்சியின் பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்திறங்கியதை வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை. கப்பலில் மாண்ட குதிரைக்கும் அரசர் விலை கொடுத்தார். அக்காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ வேறொன்றைக் கவனித்தார். வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லை. ஆகவே அவை விரைவில் மாண்டன, மீண்டும் வாங்க நேர்ந்தது. நம் முன்னோரின் குதிரை வணிகத்தைப் பெருமையுடன் பேசும்போது இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

நம் வட்டாரத்தின் மிகப் பெரிய குதிரைப் பயணம் 1781இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் 18 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் காவற்படை தங்கியிருந்த சிதம்பரம் கோயிற்கோட்டையைத் தாக்கித் தோற்றார். பின்வாங்கிய அவர், நமக்கு வடக்கே ஓடும் வெள்ளாறு கடலைச் சேரும் பரங்கிப்பேட்டைக்குச் சென்றார். தெற்கே காவிரிக்கரைப் பகுதியில் இருந்த ஹைதர் செய்தி கேட்டதும் புறப்பட்டு, நூறு மைல் தொலைவை இரண்டரை நாளில் கடந்து, கூட்டின் படைக்கும் கடலூருக்கும் நடுவே வந்து நின்றதாக ஆங்கிலேயர் வரலாறுகள் வியந்து எழுதுகின்றன.

அந்தத் தொலைவை நம் கால்களால் அளந்து பார்க்கலாம். மாசிமகத்துக்குப் பூவராகர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் வழி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கிள்ளை தர்காவில் முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்யும் வழக்கம் இப்பக்கத்தார் அனைவரும் அறிந்ததே. அந்த வழியைப் போல மும்மடங்குக்கும் மேற்பட்ட தொலைவை, கோடை வெயில் தணியாத ஆனி மாதத்தில், முழுப் போர்ச்சுமையுடன் இரண்டரை நாளில் கடந்திருக்கிறார்கள்.

ஜூலை 1 அன்று நடந்த பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதர் தோற்றார். அவருடைய பெரும் குதிரைப்படை பீரங்கிகளின் முன் சிதறியது. கடலோரம் நின்ற கப்பலும் அதன்மீது சுட்டது. மேட்டில் ஓர் இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹைதர், தோல்வி உறுதியான பின்னும் எழ மறுத்தார் என்கிறார் மார்க் வில்க்ஸ். அருகில் துணிந்து செல்ல எவருமில்லை. பழைய குதிரைக்காரன் ஒருவன்தான் நெருங்கி, நவாபின் கால்களில் காலணியை மாட்டி, நாளை பார்த்துக்கொள்ளலாம், இப்போது குதிரையில் ஏறுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தான். மைசூர்ப் படையின் தளபதிகளைவிட இந்தக் குதிரைக்காரனே நம் மனத்தில் நிற்கிறான். கொள்ளும் புல்லும் தண்ணீரும் காட்டிக் குதிரையை அன்றாடம் பேணிய கைகள் அவனுடையவை. எப்போது நிற்க வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நூறு மைலை எண்ணிய நூல்கள் அவன் பெயரை எழுதவில்லை. வழியில் விழுந்த குதிரைகளின் கணக்கும் இல்லை.

இதை நாம் வருத்தத்துடன் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரையின் களைப்பைக் கணக்கில் எடுப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் நூறாம் அத்தியாயம் மூச்சிரைக்க ஓடுபவற்றின் மீது ஆணையிட்டே தொடங்குகிறது. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தில் இரண்டு தூரங்கள் இருந்தன. பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை. அறிவிப்பாளர்கள் இதை ஐந்து முதல் ஏழு மைல் வரை கணிக்கிறார்கள். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டுமே. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் பங்கேற்றார்கள்; புகாரியில் இச்செய்தி உள்ளது. குதிரைக்கு நன்கு தீனியளித்து, பின்னர் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து ஆயத்தப்படுத்தும் முறை அன்றே வழக்கில் இருந்தது. ஆயத்தமாகாத விலங்கை நெடுந்தூரம் விரட்டுவதற்கு அங்கு இடமில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தி அபூதாவூதில் உள்ளது. பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால், வாகன விலங்குகளின் சுமையை அவிழ்க்கும் வரை தாங்கள் தொழமாட்டோம் என்கிறார்கள். இது உபரித் தொழுகையைக் குறிக்கும் என்பது விளக்கவுரையாளர் கருத்து. அவ்வாறே கொண்டாலும், இறைவன் முன் நிற்க விரும்புகிறவன் முதலில் சேணத்தை அவிழ்த்துவிட்டு வர வேண்டும் என்றாகிறது.

நூறு மைல் என்பது 160 கிலோமீட்டர். குதிரைப்பொறைப் போட்டியின் உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய தூரமும் இன்று அதுவே. ஆனால் அத்தூரம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் நிற்கிறார். குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் குறைய வேண்டும். நொண்டாமல் ஓடிக்காட்ட வேண்டும். அதன்பின் கட்டாய ஓய்வு உண்டு. முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொட்ட குதிரையும் இறுதிச் சோதனையில் தேறாவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

2023இல் பிரான்சின் காஸ்டல்சாக்ரா நகரில் இளையோருக்கான உலகப் போட்டி நடைபெற்றது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட், எப்சிலோன் சலூ என்னும் குதிரையில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் நிறைவு செய்தார். இந்தியர் ஒருவர் அப்போட்டியை முடித்தது அதுவே முதல்முறை. ஏராளமான குதிரைகள் மருத்துவச் சோதனையிலேயே நிறுத்தப்பட்ட பந்தயம் அது. அடுத்த ஆண்டு, அதே நாட்டின் மோன்பாசியேயில் மூத்தோருக்கான போட்டி. பெட்ரா டெல் ரே என்னும் பெண்குதிரையுடன் அவர் 160 கிலோமீட்டரை 10 மணி 23 நிமிடத்தில் கடந்தார். இறுதிச் சோதனையிலும் பெட்ரா தேறியது.